ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஒரு சுவிட்ச்

பழைய வீடியோ கேம் கருவிகளைச் சேர்ப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. ஒரு நாட்டில் விற்ற விளையாட்டு வேறு நாட்டுக் கன்சோலில் ஓடாதபடி வைக்கும் தடைக்கு ரீஜியன் லாக் என்று பெயர். அதை நீக்கலாமா, கூடாதா? நான் நீக்கலாம் என்கிற பக்கம். என்னிடம் இருக்கும், சேகா நிறுவனத்தின் ஐரோப்பிய மெகா டிரைவ் கன்சோலின் பின்புறத்தில் இரண்டு சிறிய துளைகள் போட்டு இரண்டு சுவிட்சுகள் பொருத்தியிருக்கிறேன். ஒன்று மொழிக்கு, மற்றொன்று 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை முறை படம் வரைய வேண்டும் என்பதற்கு. சென்னையில் இந்த ஈடுபாட்டில் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் அழைப்பேன். அவர் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சுவிட்சுகளை விரலால் தடவினார். “இனி இது எந்த நாட்டுப் பெட்டி தம்பி?” என்று கேட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு பொருளின் வரலாற்றில் கை வைத்துவிட்டானே என்ற வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம். அதனால் அந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் மனத்துக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

லாக் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்தவன் நான். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியான அசல் ஃபேமிகாமிலேயே லாக் சிப் கிடையாது என்பதால் நகல்களிலும் அது இல்லை. 60 முனை கொண்ட கேசட் (கார்ட்ரிட்ஜ்) எதுவானாலும் செருகினால் ஓடும். முகப்பில் ஜப்பானிய எழுத்து வந்தால், அது என்னவோ என்று ஸ்டார்ட்டை அழுத்திவிட்டு விளையாடத் தொடங்குவோம். முனையில் தூசு படிந்திருந்தால் திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை தெரியும்; துடைத்துப் போட்டால் சரியாகிவிடும். எந்த ஊரில் வாங்கிய கேசட் என்று அந்தப் பெட்டி ஒருநாளும் கேட்டதில்லை. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவனுக்கு, பணம் கொடுத்து வாங்கிய அசல் கார்ட்ரிட்ஜை அசல் பெட்டி ஏற்க மறுக்கும் என்பதே வியப்பாக இருந்தது.

மெகா டிரைவ் லண்டன் வழியாக வந்தது. சித்தி மகன் வீடு மாறும்போது, சிறுவயதில் விளையாடிய பெட்டியைத் தூக்கி எறிய மனமில்லாமல், கூடவே இருந்த கார்ட்ரிட்ஜுகளையும் சேர்த்து எனக்குக் கொடுத்துவிட்டான். பிறகு டோக்கியோவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அகிஹபராவின் பழைய விளையாட்டுக் கடைகளில் தேடி, ஜப்பானியக் கார்ட்ரிட்ஜுகள் சிலவற்றை வாங்கி வந்தார். அவை இந்தப் பெட்டியின் வாய்க்குள் நுழையவே இல்லை. ஜப்பானியக் கார்ட்ரிட்ஜின் ஓரங்கள் வளைந்து சற்றே அகலமாக இருக்கும். ஐரோப்பியப் பெட்டியின் வாய் அதற்கு இடம் கொடுக்காது. எதிர்த்திசையில் வேறு ஏற்பாடு. ஜப்பானியப் பெட்டியில் பவர் சுவிட்சைத் தள்ளும்போது உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீண்டு, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டுப் பள்ளத்தில் புகும். பிற நாட்டுக் கார்ட்ரிட்ஜில் அந்தப் பள்ளம் இருக்காது. நாக்கு முட்டிக்கொள்ளும், சுவிட்ச் நகராது.

வடிவத்தைத் தாண்டினாலும் மென்பொருள் காத்திருக்கும். தொண்ணூறுகளில் வந்த பல மெகா டிரைவ் விளையாட்டுகள், தொடங்கிய உடனே நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட முகவரியில் இரண்டு பிட்டுகளைப் படிக்கும். இது ஜப்பானியப் பெட்டியா, வெளிநாட்டுப் பெட்டியா? 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா? விடை பொருந்தாவிட்டால், இது இன்ன நாட்டுப் பெட்டிகளுக்கு மட்டுமே உருவாக்கப்பட்டது என்று ஒரு வரி திரையில் தோன்றும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. அந்த இரண்டு பிட்டுகளும் எங்கிருந்து வருகின்றன என்று பெட்டியைத் திறந்து பார்த்தால், முதல் மாடலின் போர்டில் ஜேபி1 முதல் ஜேபி4 வரை நான்கு சிறு இடங்கள். மொழிக்கு இரண்டு, அதிர்வெண்ணுக்கு இரண்டு. எதில் இணைப்பு இருக்கிறது, எது வெட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் பெட்டி தன் நாட்டைச் சொல்கிறது. கண்டங்களைப் பிரிக்கும் சுவரின் அகலம் அங்கே சில மில்லிமீட்டர்தான்.

மின்சாரம் சொன்ன காரணம்

லாக் வைத்தவர்களின் பக்கத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் சொல்வது தொலைக்காட்சி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி முறை: 525 வரிகள், நொடிக்கு ஏறக்குறைய 60 புலங்கள் (திரையை ஒருமுறை வரைவது ஒரு புலம்). பெரும்பாலான ஐரோப்பாவிலும் நம் இந்தியாவிலும் பால் (PAL) முறை: 625 வரிகள், நொடிக்கு 50 புலங்கள். எண்பதுகளின் ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் பலவற்றில் 60 ஹெர்ட்ஸ் சமிக்ஞையைக் கொடுத்தால் படம் உருளும், அல்லது வண்ணம் வராது. ஆக, ஐரோப்பாவுக்கென்று தனிப்பெட்டி செய்தாக வேண்டிய கட்டாயம் உண்மையானது. அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் அடி என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 60-க்கு எழுதியதை 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். கூடவே, மெகா டிரைவ் வரையும் 224 வரிகள் பால் திரையை நிரப்பாது. மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும், வட்டங்கள் நசுங்கும். நன்றாகச் செய்ய வேண்டுமானால் விளையாட்டை மீண்டும் உட்கார்ந்து திருத்த வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். பலர் செய்யவில்லை.

இந்தக் காரணத்தை நான் நெடுநாள் ஏற்றுக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு விஷயங்கள் அதை ஆட்டிவிட்டன. ஒன்று சிறியது. 50, 60 என்பது வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி வந்த பிரிவு என்று சொல்வார்கள். ஆனால் ஜப்பானே அந்த வகையில் இரண்டாகப் பிளந்த நாடு. டோக்கியோ உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா உள்ளிட்ட மேற்குப் பகுதியில் 60. இருந்தும் நாடு முழுவதும் தொலைக்காட்சி ஒன்றே. மின்சாரத்தை மீறி ஒரே முறையை வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. எண்பதுகளில் ஐரோப்பா திரும்ப முடியாத தூரத்தில் இருந்தது என்பது சரிதான். ஆனால் இயற்கை விதித்தது என்று சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திக் கேட்கலாம்.

இரண்டாவது விஷயம் என் கருத்தையே திருப்பியது. ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான நின்டெண்டோவின் என்இஎஸ் ஐரோப்பாவில் ஒரு பிரிவாக விற்கப்படவில்லை. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகியவை ஒரு பிரிவு. எஞ்சிய ஐரோப்பா இன்னொரு பிரிவு. இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ்தான், ஒரே வேகம்தான். இருந்தும் லாக் சிப்புகள் வேறு வேறு. ஜெர்மனியில் வாங்கிய கார்ட்ரிட்ஜ் இங்கிலாந்துப் பெட்டியில் ஓடாது. ஏன் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் ஒரே வீட்டில், ஜெர்மனி வேறு வீட்டில்? அந்த மூன்று நாடுகளிலும் தொடக்கத்தில் விநியோகம் செய்தது மேட்டல் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. சுவர் மின்சாரத்தைப் பின்பற்றிச் செல்லவில்லை. விநியோக ஒப்பந்தத்தைப் பின்பற்றிச் சென்றது. தொலைக்காட்சி உண்மையான காரணமாக இருந்த இடங்களும் உண்டு. அது வெறும் சாக்காக இருந்த இடங்களும் உண்டு. வாங்கியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

அந்தச் சிப் வேலை செய்யும் விதம் அழகானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10என்இஎஸ் என்று பெயர். பெட்டியில் ஒன்று, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் ஒன்று. இரண்டும் ஒரே நிரலை ஓட்டி, ஒரே எண்வரிசையைக் கணக்கிட்டு, ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் பொருந்தாவிட்டாலும் பெட்டியின் சிப், முதன்மைச் செயலியை மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் தள்ளும். ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை. என்இஎஸ் வைத்திருந்தவர்கள் யாரும் மறக்க முடியாத அந்தச் சிவப்பு விளக்கின் சிமிட்டல் இதுதான். 1983 வாக்கில் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்குத் தரமற்ற விளையாட்டுகளின் வெள்ளம் ஒரு காரணம். அது மீண்டும் நேரக் கூடாது என்பதற்காக, உரிமம் பெற்றவர்கள் மட்டுமே விற்க வேண்டும் என்று வைத்த காவல். நாடு பிரிப்பது அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வேலை. ஆனால் முனைகளில் அழுக்கு சேரும்போது இரண்டு சிப்புகளின் உரையாடல்தான் முதலில் அறுந்துபோகும். முறையாக வாங்கிய கார்ட்ரிட்ஜும் விளக்கைச் சிமிட்ட வைக்கும். பெட்டிக்கு வயது ஏற ஏற அது அடிக்கடி நடக்கும். 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் மறுவடிவ என்இஎஸ்ஸில் நின்டெண்டோவே அந்தச் சிப்பை வைக்கவில்லை. பழைய பெட்டியில் அந்தச் சிப்பின் நான்காவது காலைத் தூக்கிவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். இன்றும் பழுது பார்ப்பவர்கள் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் பூட்டு இல்லை

துணைக்கருவிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. என்இஎஸ்ஸுக்கு அடுத்து வந்த சூப்பர் என்இஎஸ்ஸுக்கு அந்தக் காலத்தில் வந்த அடாப்டர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்கப் பெட்டிக்கும் ஜப்பானியப் பெட்டிக்கும் இடையில் லாக் சிப்பில் வேறுபாடு இல்லை. அமெரிக்கப் பெட்டியின் வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள்தான் தடை. குறடால் ஒடித்துவிட்டால் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்துவிடும். ஐரோப்பியப் பெட்டியோடு கதை வேறு. அங்கே ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் வடிவத்தில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் சிப் ஒத்துக்கொள்ளாது. அதற்காகவே இரண்டு வாய் கொண்ட அடாப்டர்கள் வந்தன. ஒரு வாயில் நீங்கள் விளையாட விரும்பும் வெளிநாட்டுக் கார்ட்ரிட்ஜ். மறுவாயில் உள்ளூர்க் கார்ட்ரிட்ஜ் எதுவாவது. உள்ளூர்க்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட, வெளியூர்க்காரர் உள்ளே போவதுபோல, உள்ளூர்க் கார்ட்ரிட்ஜின் சிப் பெட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். விளையாட்டு மற்றதிலிருந்து ஓடும். பின்னாளில் சில விளையாட்டுகள் தாமே பெட்டியின் அதிர்வெண்ணைச் சோதித்துப் பார்த்து இந்த வழியையும் அடைத்துவிட்டன.

இவ்வளவு யோசனையும் உழைப்பும் கார்ட்ரிட்ஜைத் தடுப்பதற்குப் போயிருக்கின்றன. இப்போது மின் அடாப்டரைப் பாருங்கள். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் நேர்மின்சாரம். அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் தருவது 9 வோல்ட் மாறுமின்சாரம். அதை நேராக்கும் சுற்று பெட்டிக்குள் இருக்கிறது. முதல் மாடல் மெகா டிரைவுக்கு நேர்மின்சாரம் வேண்டும், அதுவும் நடுமுனை எதிர்மின்னாக. இந்த மூன்றின் செருகியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் செருகி மற்றதில் தடையின்றிப் புகும். மெகா டிரைவின் அடாப்டரை என்இஎஸ்ஸில் செருகினால் தீங்கில்லை. என்இஎஸ்ஸின் அடாப்டரை ஃபேமிகாமிலோ மெகா டிரைவிலோ செருகினால் உள்ளே இருப்பது கருகலாம். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அடாப்டரே போய்விடும். சுவரில் செருகும் முனை மட்டும்தான் வேறு; பத்து ரூபாய் மாற்றுப் பிளக் அதையும் தாண்ட வைத்துவிடும்.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தவறான கார்ட்ரிட்ஜைச் செருகினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே தனிச் சிப், தனி வடிவம், தனி நிரல், நீதிமன்ற வழக்கு எல்லாம். தவறான அடாப்டரைச் செருகினால் பெட்டி சாகும். அங்கே செருகியின் அளவைக்கூட மாற்றி வைக்கவில்லை. வாங்குபவரின் பாதுகாப்புக்காகத்தான் இந்தப் பிரிவுகள் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு செருகியை எடுத்துக் காட்டுவேன். என்னிடம் இருக்கும் ஒவ்வோர் அடாப்டரிலும் வோல்ட், மின்வகை, நடுமுனை ஆகிய மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பழைய கருவி வாங்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனையும் இதுதான்.

சித்தி மகன் கேட்ட இசை

சுவிட்ச் பொருத்திய பிறகு சித்தி மகன் ஒரு விடுமுறைக்குச் சென்னை வந்தான். தன் பழைய பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றான். 1991-இல் வந்த முதல் சோனிக் விளையாட்டின் கார்ட்ரிட்ஜைச் செருகினேன். அது நாட்டைச் சோதிப்பதில்லை. பெட்டி 50 என்றால் 50-இல் ஓடும், 60 என்றால் 60-இல். முதலில் 50-இலேயே விட்டேன். அவன் சிறுவயதில் லண்டன் வீட்டுக் கூடத்தில் விளையாடிய அதே வேகம், அதே கறுப்புப் பட்டைகள். கைகள் தாமாக நினைவுகொண்டன. எங்கே குதிக்க வேண்டும் என்று பார்க்காமலேயே குதித்தான். முதல் கட்டத்தின் நடுவில், அவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்பக்கச் சுவிட்சை 60-க்குத் தள்ளினேன்.

படம் ஒரு கணம் குலுங்கி, மேலும் கீழும் விரிந்து திரையை நிரப்பியது. இசை விரைந்தது. ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் சுருதியும் சேர்ந்து ஏறும். இங்கே அப்படி இல்லை. சுருதி நின்ற இடத்தில் நிற்கிறது. காலப்பிரமாணம் மட்டும் கூடுகிறது. ஒலிச் சிப்பின் கடிகாரம் வேறு, இசையை அடி அடியாக நகர்த்தும் திரைப்புலங்களின் எண்ணிக்கை வேறு என்பதால் வரும் விளைவு அது. ஜப்பானில் அந்த இசையை அமைத்தவர் 60-க்கு அமைத்தார். 60 நொடியில் முடிய வேண்டிய பகுதியை ஐரோப்பியக் குழந்தைகள் 72 நொடி கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் சோனிக்கில் இசையின் வேகத்தை மட்டும் பால் பெட்டிகளுக்காகச் சரிசெய்துவிட்டார்கள். அப்படியென்றால் குறை இருப்பது செய்தவர்களுக்குத் தெரியும், திருத்தவும் முடியும்.

சித்தி மகன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டான். சோனிக் ஒரு முள்ளில் மோதி வளையங்களைச் சிதறவிட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. “திரும்ப 50-க்குப் போங்கள் அண்ணா” என்றான். தள்ளினேன். மீண்டும் 60 என்றான். தள்ளினேன். பலமுறை இப்படி மாற்றி மாற்றிக் கேட்டபின் சொன்னான்: “மெதுவானதுதான் என்னுடையது. அது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இன்னொன்று இருக்கிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே.”

அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் தெளிந்தது. ரீஜியன் லாக் விலையைக் கூட்டியது, விளையாட்டுகள் வந்து சேர ஆண்டுக்கணக்கில் தாமதமாயின என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த குறைகள். அவற்றைவிட ஆழமான ஒன்றை அது செய்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை எடுத்துவிட்டது. இறக்குமதிக் கடையில் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கும் பத்திரிகைகளைத் தேடிப் படித்தவர்களுக்கும் 60 ஹெர்ட்ஸ் என்ற ஒன்று தெரியும். கடைவீதியில் பெற்றோர் வாங்கித் தந்ததை விளையாடிய பிள்ளைக்குத் தெரியாது. தன் கையில் இருப்பது முழு வேகத்தில் ஓடவில்லை என்று அறிய வேண்டுமானால் பக்கத்து நாட்டுப் பெட்டி ஒன்று வேண்டும். அது கையில் கிடைக்காதபடிதான் எல்லாம் அமைந்திருந்தது. லாக் இல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் முதல் சோனிக்கிலேயே திருத்தியிருப்பார்கள்.

அண்ணனின் வாதத்தில் உள்ள உண்மையையும் அன்றைய மாலை எனக்குக் காட்டியது. மெதுவான சோனிக் பொய்யான சோனிக் அல்ல. ஐரோப்பாவில் ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்தது அதைத்தான். அது அழிந்துபோகக் கூடாது. அதனால்தான் நான் இணைப்பை நிரந்தரமாக வெட்டி 60-இல் நிறுத்திவிடாமல் சுவிட்சாக வைத்தேன். இப்போது ஒரே பெட்டி இரண்டையும் சொல்கிறது. மொழிச் சுவிட்சும் அப்படியே. ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ கார்ட்ரிட்ஜைச் செருகி ஜப்பானிய நிலைக்குத் தள்ளினால், அதே கார்ட்ரிட்ஜ் ‘பேர் நக்கிள்’ என்ற தன் ஜப்பானியப் பெயரோடு எழுகிறது. முப்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் அதற்குள்ளேயேதான் இருந்தது. துளை போட்டதால் இந்தப் பெட்டி தன் நாட்டை இழந்துவிட்டதா என்று கேட்டால், கடிகாரப் படிகத்தைப் பார்க்கச் சொல்வேன். பால் பெட்டியின் மூலக் கடிகாரம் 53.20 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி பெட்டியில் 53.69. சுவிட்சை 60-இல் வைத்தாலும் என் பெட்டி டோக்கியோப் பெட்டியைவிட ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக மெதுவாகத்தான் ஓடும். அது ஐரோப்பியப் பெட்டி. எந்தச் சுவிட்சும் அதை மாற்றவில்லை.

அருங்காட்சியகத்துக்குப் போகும் பெட்டியைத் தொட வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கைபடாத பெட்டிகள் சில இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஓடும் பெட்டிகளில், லாக்கை நீக்கியவற்றுக்குத்தான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கார்ட்ரிட்ஜ் கிடைக்கும். அதனால் அவைதான் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும்.

காலாவதி ஆகாத காவல்

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தேடியபோது ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று என்னை ஈர்த்தது. பிளேஸ்டேஷனின் லாக்கை ஏமாற்றும் மோட் சிப் விற்ற ஒருவர்மீது சோனி தொடுத்த வழக்கில், 2005 அக்டோபரில் அந்நாட்டின் ஹை கோர்ட், அங்கே அதுதான் உச்ச அமைப்பு, விற்றவரின் பக்கம் தீர்ப்பளித்தது. சோனியின் ஏற்பாடு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, நகலெடுத்தபின் ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்பது தீர்ப்பின் மையம். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையமும் வழக்கில் தலையிட்டு, ரீஜியன் லாக் நுகர்வோரின் தேர்வைக் குறுக்குகிறது என்று வாதிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் இதே போன்ற வழக்கு சோனி நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. பிளேஸ்டேஷனில் சிக்கல் என்னவென்றால், வட்டின் தடத்தில் இருக்கும் நான்கு எழுத்துக் குறியே நாட்டையும் சோதிக்கிறது, அசலா நகலா என்பதையும் சோதிக்கிறது. ஒன்றைத் திறந்தால் மற்றதும் திறந்துவிடும். அதனால் சோனியின் கவலையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மெகா டிரைவின் ஜேபி1-க்கும் நகலெடுப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் நாட்டில் 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. விலை கொடுத்து வாங்கிய ஜப்பானியக் கார்ட்ரிட்ஜை என் வீட்டில் ஓட்டுவதில் அப்படி ஒரு நோக்கம் எங்கே இருக்கிறது?

தொலைக்காட்சியோடு இணைக்கத் தேவையில்லாத கையடக்கக் கருவிகள் இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். 1989-இல் வந்த நின்டெண்டோவின் கேம்பாயில் லாக் இல்லை. சொந்தத் திரை, பேட்டரி. பிரிக்கக் காரணமே இல்லை, பிரிக்கவும் இல்லை. கேம்பாய் அட்வான்ஸும் அப்படியே. ஆனால் 2011-இல் வந்த அதே நிறுவனத்தின் 3டிஎஸ்ஸில் லாக் இருந்தது. அதற்கும் சொந்தத் திரைதான், அதற்கும் பேட்டரிதான். மின்சாரம், பால், என்டிஎஸ்சி எதுவும் அங்கே இல்லை. பிறகு 2017-இல் நின்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ என்ற கன்சோல் லாக் இல்லாமல் வந்தது; நன்றாக விற்றது. 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் இரண்டு வகைகள். ஜப்பானிய மொழி மட்டும் உள்ள, ஜப்பானியக் கணக்கோடு மட்டும் இயங்கும் பெட்டி வெளியானபோது 49,980 யென். எல்லா மொழிகளும் உள்ளது 69,980 யென். எனக்கு இந்தப் பிரிவில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. எதை இழக்கிறோம், அதற்கு எவ்வளவு கழிவு என்பது வாங்கும்போதே தெரிகிறது. அன்று ஐரோப்பாவில் யாரும் ஆறில் ஒரு பங்கு விலையைக் குறைத்துக்கொள்ளவில்லை.

லாக் வைக்கவே கூடாது என்று நிறுவனங்களிடம் வாதாடி வெல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. விநியோக ஒப்பந்தங்களும் வெளியீட்டுத் தேதிகளும் இருக்கும்வரை அதற்கான ஆசையும் இருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தங்களுக்கு ஒரு முடிவு உண்டு. மெகா டிரைவின் ஐரோப்பிய விநியோகம் முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஜேபி3 இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அன்று அதை மாற்ற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பற்றவைத்தாக வேண்டும். நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. இன்று லாக் என்பது மென்பொருளில் ஒரு வரி. 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. இணையவழி விளையாட்டு 2024 ஏப்ரலில் நின்றது. அவற்றை நிறுத்திய அதே கையோடு, ஜப்பானியக் கார்டை ஐரோப்பியப் பெட்டி ஏற்கும்படி கடைசியாக ஒரே ஒரு அப்டேட் கொடுத்திருக்கலாம். விற்பதற்கு இனி எதுவுமில்லாத ஒரு சந்தையைக் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த கருவியின் கடை மூடப்படும் அறிவிப்பு வரும்போது நான் எழுதிக் கேட்கப்போவது இந்த ஓர் அப்டேட்டைத்தான். 3டிஎஸ் வைத்திருக்கும் மற்றவர்களும் கேட்க வேண்டும். அதற்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை.